பட்டன், பட்டன், பட்டன்

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இடது கண் பாக்கி. அதற்கு நாள் குறிக்க டாக்டரைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு போன் போட்டால் போதும், எதிர்முனையில் இருக்கும் பெண் "வியாழக்கிழமை பத்தரைக்கு வந்துருங்க சார்" என்று சொல்லிவிடும். இப்போது அதே எண்ணுக்கு அடித்தால் ஓர் இயந்திரக் குரல் வருகிறது. எங்கள் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வைத்தியம் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். வாசல்தான் சரியில்லை. நான் வாசல் என்று சொல்வது இணையதளத்தை.

திண்ணையில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தேன். வெயில் ஏறியிருந்தது. பக்கத்தில் பாதி வலதுபுறம் வெளியே போய்விட்டது. விரலால் இழுத்தால் வலது பாதி தெரியும், இடது பாதி மறையும். எழுத்தெல்லாம் வெளிர்சாம்பல் நிறம், வெள்ளைப் பின்னணியில். காலண்டர் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு தேதியும் எள்ளுருண்டையில் இருக்கிற எள்ளு அளவு. 17-ஐத் தொட்டால் 24 விழுகிறது. ஒரு வழியாகத் தேதியைப் பிடித்தால், நெளிந்து கோணிய ஆங்கில எழுத்துகளைப் படமாகக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டது. கேப்ட்சா என்கிறார்கள். அதையும் தாண்டினால் ஓடிபி. குறுஞ்செய்தியைத் திறந்து, ஆறு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்து, பக்கம் முதலிலிருந்து தொடங்கியது. மூன்று முறை இப்படி. நான்காவது முறை, நீங்கள் பல தடவை முயன்றுவிட்டீர்கள், நாளை வாருங்கள் என்று துரத்திவிட்டது.

செல்போனைக் கீழே வைக்கவும் அது அடிக்கவும் சரியாக இருந்தது. நண்பர்.

"என்ன வே, காலைல இருந்து உம்ம போன் எடுக்கவே மாட்டேங்குது?"

"ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கப் பாக்கேன். முடியல."

"அந்த எழுத்தைக் காட்டி என்னன்னு கேக்குத இடத்துலதான நிக்கீரு?"

"உமக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அங்கனதான வே நிக்கேன்."

அவர் சர்க்கரை டாக்டரைப் பார்க்க நாள் வாங்க முயன்றுகொண்டிருந்தார், அதே மருத்துவமனையில், அதே காலையில். நண்பருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் 1890-லேயே பார்வையற்றோருக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள். அங்கே படித்து, இசை ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஒரு கண்ணில் மங்கல், அவருக்கு இரண்டிலும் இருட்டு. ஆனால் இருவரும் முட்டிக்கொண்டு நின்ற சுவர் ஒன்று. அன்றைக்குத்தான் இந்த விஷயத்தை நான் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன்.

நண்பர் செல்போன் பயன்படுத்துவதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவருடைய ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்று ஒரு வசதி இருக்கிறது. (தனியாக வாங்க வேண்டாம், நம் போனிலும் செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற தலைப்பின் கீழ் அது அநேகமாக இருக்கும். விளையாட்டாக ஆன் செய்துவிடாதீர்கள், பிறகு அணைக்கத் தெரியாமல் பேரனைத் தேட வேண்டிவரும். எனக்கு நடந்தது.) விரலால் வலப்புறம் தள்ளினால் திரையில் அடுத்து என்ன இருக்கிறதோ அதைக் குரலில் சொல்லும். வேண்டியது வந்ததும் இரண்டு தட்டுத் தட்டினால் அது திறக்கும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர். 2009-ல் வந்த 3ஜிஎஸ் போனிலிருந்து இருக்கிறது. கணினிக்கு என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-ல் தொடங்கியது, இலவசம். இவற்றையெல்லாம் பொதுவாக ஸ்கிரீன் ரீடர் என்பார்கள்.

குரல் ஓடுகிற வேகம் நமக்கெல்லாம் புரியாது. குயில் கூவுவதை வேகமாக ஓட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அவருக்கு மட்டும் ஒரு சொல் தப்பாது. மிருதங்கத்தில் நான்காம் காலம் கேட்ட காது அல்லவா.

இதில் நான் புரிந்துகொண்ட முக்கியமான சங்கதி ஒன்று. நாம் ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது கண் அங்கும் இங்கும் தாவி வேண்டியதைப் பிடித்துக்கொள்கிறது. அவருக்குத் தாவல் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக வரும். பஸ்ஸில் ஒரே வாசல் வழியாக ஆள் ஏறுவது போல. அதனால் பக்கத்தைக் கட்டியவர் எதை முதலில் வைத்தார், எதைத் தலைப்பு என்று குறித்தார், எந்தப் பெட்டிக்கு என்ன பெயர் கொடுத்தார் என்பதில்தான் அவருடைய நடமாட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிவிடுவார். இல்லையென்றால் மேலே ஓடுகிற விளம்பரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கீழே வர வேண்டும்.

இப்போது நம் செல்போனை யோசியுங்கள். கணினித் திரையில் மூன்று பத்தியாக விரிகிற பக்கம், ஆறங்குலத் திரையில் ஒரே பத்தியாக ஒடுங்க வேண்டும். அப்போதும் எதை முதலில் வைப்பது என்ற கேள்வி வருகிறது. வரிசை ஒழுங்காக இருந்தால் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

இது ஏதோ நான் திண்ணையில் கண்டுபிடித்த உண்மை அல்ல. இணையத்துக்கு விதிமுறை வகுக்கிற டபிள்யூ3சி என்ற அமைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று 1999-லேயே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு வந்தது 2008 டிசம்பரில். அதே ஆண்டு ஜூலையில்தான், செல்போனுக்கு ஏற்ற பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அதே அமைப்பு இன்னொரு நெறிமுறையும் வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி ஒரே சமாசாரம். அவர்களே அதைக் கவனித்து, எது எதோடு பொருந்துகிறது என்று தனியாக ஓர் ஆவணமும் எழுதி வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 320 என்ற எண். 2018-ல் வந்த 2.1 பதிப்பில் ஒரு விதி இருக்கிறது. பார்வை மிகக் குறைந்தவர்கள் கணினித் திரையை 400 சதவீதம் வரை பெரிதாக்கிப் படிப்பார்கள். அப்படிப் பெரிதாக்கினாலும் வரிகள் மடங்கி அடுத்த வரிக்கு வர வேண்டும், பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படிக்கிற நிலை கூடாது என்பது அந்த விதி. திரையின் அகலம் 1280 புள்ளி என்றால், நான்கு மடங்கு பெரிதாக்கும்போது கண்ணுக்குக் கிடைப்பது அதில் கால்வாசி, 320. முதன்முதலில் வந்த ஐபோனின் அகலம் எவ்வளவு தெரியுமோ? அதுவும் 320. அதாவது பார்வை குறைந்த ஒரு மனிதர் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும், அவர் வசம் இருப்பது ஒரு சின்ன செல்போன்தான். ஒருவருக்காகப் பக்கத்தை மடக்கினால் மற்றவருக்கும் அது மடங்கும்.

நிறமும் அப்படித்தான். எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தைக் கணக்கிட ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வெள்ளையில் கறுப்பு என்றால் 21-க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது நெறிமுறை. இன்று நாகரிகம் என்று போடுகிற வெளிர்சாம்பல் பலவும் 3-ஐக்கூட எட்டாது. அந்த 4.5, கண் மங்கியவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. ஆனால் சித்திரை வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்று செல்போன் பார்க்கிற இருபது வயதுப் பையனுக்கும் அந்தக் கணக்குதான் உதவுகிறது.

பட்டன் அளவு இன்னொன்று. தொடுகிற இடம் 24 புள்ளிக்கு 24 புள்ளியாவது இருக்க வேண்டும் என்று 2023-ல் வந்த 2.2 பதிப்பு சொல்கிறது. ஆப்பிள் நிறுவனம் 44 என்கிறது. கூகுள் 48 என்கிறது, அது கிட்டத்தட்ட ஒன்பது மில்லிமீட்டர், விரல் நுனி பதிகிற இடம். கை நடுங்குகிறவருக்கு இது அவசியம். கை நடுங்காதவர், ஓடுகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால் நடுங்கும். காது கேளாதவர்களுக்காக வந்த எழுத்துவரியை, பேத்தி தூங்கும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படம் பார்க்க நான் தினமும் பயன்படுத்துகிறேன். கையால் தட்டச்ச முடியாதவர்களுக்கு வரமாக இருக்கிற, பேசினால் எழுதும் வசதியில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் வாட்ஸ்அப்பில் பதில் போடுகிறோம்.

ரயில் நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட்டார்கள். ஒரு நாள் நின்று பாருங்கள். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதில் அதிகம்.

தமிழுக்கென்று இதில் ஒரு தனிக் கதை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது, ஏனென்றால் அதில் என் பங்கும் இருக்கிறது.

பணியில் இருந்த காலத்தில் அலுவலகச் சுற்றறிக்கைகளைத் தமிழில் தயார் செய்வது என் வேலை. பாமினி என்ற எழுத்துருவில் தட்டுவேன். கை அப்படிப் பழகியிருந்தது. பாமினியும் அதைப் போன்ற எழுத்துருக்களும் என்ன செய்தன என்றால், ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் முகமூடியை மாட்டின. நாம் பார்க்கும்போது 'தமிழ்' என்று தெரியும். கணினியின் வயிற்றுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று, அந்த ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாக நிற்கும். 1990-களின் கடைசியில் தமிழ் இணையதளங்கள் இருந்ததும் இப்படித்தான். தளத்துக்குத் தளம் ஒரு எழுத்துரு. எங்கள் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொன்றும் வாசலிலேயே சொல்லும்.

பார்க்கிறவனுக்கு முகமூடி போதும். கேட்கிறவருக்கு? ஸ்கிரீன் ரீடர் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றுக்குள் இருப்பதைத்தான் வாசிக்கும். என் சுற்றறிக்கை ஒன்றை நண்பர் அப்போது ஒருமுறை கணினியில் கேட்டிருக்கிறார். "ஜே கே பி ஓன்னு என்னமோ புலம்புது வே, உம்ம ஆபீஸ்ல தமிழ் தெரிஞ்ச ஆளே இல்லையா" என்றார். அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அது அவருக்கு மட்டுமான சங்கடம் என்று நினைத்தேன்.

பிறகு கையில் செல்போன் வந்தது. நான் தயாரித்த பழைய கோப்பு ஒன்று ஓய்வூதிய விஷயமாக எனக்கே தேவைப்பட்டது. செல்போனில் திறந்தேன். ஜே கே பி ஓ. செல்போனில் போய் எந்த எழுத்துருவை நிறுவுவது? பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் கேட்டதை இப்போது நான் பார்த்தேன்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸில் அது 2000-வது ஆண்டுப் பதிப்பில் வந்தது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசும் யூனிகோடைத் தர முறையாக ஏற்றது. அதன் பிறகு எழுதுகிற தமிழ், காதுக்கும் போகிறது, செல்போனுக்கும் போகிறது, தேடினாலும் கிடைக்கிறது. ஆனால் பழைய பழக்கம் சாகவில்லை. இன்றைக்கும் அச்சுக்குப் போகிற அறிவிப்பைப் பழைய எழுத்துருவில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, அதையே இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இன்னும் சிலர் தாளில் அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து படமாக ஏற்றுகிறார்கள். அந்தப் படம் நண்பருக்கு வெறும் வெள்ளைத் தாள். நமக்கு, இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்க்க வேண்டிய எறும்பு வரிசை. சங்கத்துக் கூட்ட அறிவிப்பைப் படமாக வாட்ஸ்அப்பில் போடுகிறோமே, நாமும் அதைத்தான் செய்கிறோம். கீழே நான்கு வரி எழுத்தாகவும் போட்டால் என்ன குறைந்துவிடும்?

தங்கை மகன் பெங்களூரில் இணையதளம் கட்டுகிற கம்பெனியில் இருக்கிறான். பிள்ளையார் சதுர்த்திக்கு வந்தவனிடம் இதையெல்லாம் கொட்டினேன்.

"மாமா, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் அந்த சைட்டுக்கு வரப்போறாங்க? கிளையன்ட் கேப்பான்ல?"

கேட்பான். அதற்கும் கணக்கு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது தாண்டியவர்கள். கண் மங்கியவரும், காது மந்தமானவரும், விரல் நடுங்குகிறவரும் அந்தப் பத்தில்தான் அதிகம். அவர்கள் தங்களை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். நானும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு வயசாகிவிட்டது என்பேன், கண்ணாடி மாற்ற வேண்டும் என்பேன், இந்தக் காலத்து போன் சரியில்லை என்பேன்.

ஆனால் மருமகனிடம் நான் எண்ணிக்கையை வைத்து வாதாடவில்லை. படி மட்டும் கட்டி, சரிவு வைக்காத கடைக்காரர், என் கடைக்குச் சக்கர நாற்காலியில் ஒருத்தரும் வருவதில்லை, நான் எதற்குச் சரிவு கட்ட வேண்டும் என்று கேட்பது போல இருக்கிறது நீ கேட்பது என்றேன். சிரித்தான். பிறகு, "செல்போன்ல நல்லா தெரியணும்னு இப்ப எல்லாருமே கேக்கறாங்க மாமா. அதைச் செஞ்சாலே நீங்க சொல்றதுல பாதி தானா வந்துடும்" என்றான்.

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. நானும் அதை நம்பினேன். அதை நம்பியதைப் பற்றித்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

நானும் நண்பரும் சேர்ந்து அந்த மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினோம். அவர் சொல்ல, நான் எழுதினேன். எனக்கு முட்டிய இடங்கள் ஐந்து, அவருக்கு முட்டிய இடங்கள் ஏழு, அதில் நான்கு பொது. கேப்ட்சா, ஓடிபி நேரம், தேதிக் கட்டம், தலைப்பில்லாத பக்கம். கூடவே சட்டத்தையும் ஒரு பத்தி சேர்த்தார். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவருக்கு மனப்பாடம். அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட விதி ஒன்று, அணுகல் வசதியை ஏதோ பரிந்துரை போல வைத்திருந்தது. ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்றவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அது சட்டத்துக்கு முரண், கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 30-ல் இன்னொரு தீர்ப்பு. பிரக்யா பிரசூன், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர். வங்கிக் கணக்குக்கான அடையாளச் சரிபார்ப்பில், கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். சிமிட்டுவதற்கு அவருடைய இமைகள் இடம் தரவில்லை. அந்த வழக்கையும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்த வழக்கையும் சேர்த்து விசாரித்த நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, இணைய வசதிகளை அணுகுவது அரசமைப்பின் 21-வது பிரிவு தருகிற வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டது. நம்மில் பலர் நவம்பர் வந்தால் செல்போன் முன்னால் முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்று கொடுக்கிறோம். கண்ணைச் சிமிட்டுவது பெரிய காரியமா என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

கடிதம் போய் இரண்டு மாதம் பதில் இல்லை. கார்த்திகையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது, எங்கள் இணையதளம் புதிய வடிவில், செல்போனுக்கு ஏற்றபடி, என்று. திறந்து பார்த்தேன். அசந்துபோனேன். எழுத்து கறுப்பு, பெரிது. பக்கவாட்டில் இழுக்க வேண்டியதில்லை. வார்த்தைகளைக் குறைத்து அழகழகான படங்கள். கண் டாக்டருக்கு ஒரு கண் படம், எலும்பு டாக்டருக்கு எலும்பு, காலண்டர் படம், வீடு படம். தேதி ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. ஓடிபி தானே வந்து பெட்டியில் உட்கார்ந்துகொண்டது. கேப்ட்சா என்ற சனியனையே எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் இடது கண்ணுக்கு நாள் வாங்கிவிட்டேன்.

வெற்றிக் களிப்பில் நண்பருக்கு அடித்தேன். "பாத்தீரா வே, நம்ம கடுதாசி வேலை செஞ்சிட்டு!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு, தளத்தைத் திறந்து, விரலைத் தள்ளிக் காட்டினார். நான் கேட்டேன்.

"பட்டன். பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

அழகழகான படங்கள் என்று சொன்னேனே, அவற்றில் ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. கண் படத்துக்குப் பின்னால் 'கண் மருத்துவம்' என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தால் ஸ்கிரீன் ரீடர் அதை வாசிக்கும். மாற்று உரை என்று அதற்குப் பெயர். திரையில் தெரியாது, இடத்தை அடைக்காது, அழகைக் கெடுக்காது. அது இல்லாததால் கண்ணும் எலும்பும் காலண்டரும் அவருக்கு ஒரே பட்டன். பழைய தளத்திலாவது எழுத்தில் இருந்தது, கேப்ட்சா வரைக்கும் அவரால் போக முடிந்தது. புதியதில் முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை.

மருமகன் சொன்ன பாதி கணக்கு இங்கேதான் உதைக்கிறது. அவருக்கு ஏற்றபடி முறையாகக் கட்டினால் அது எனக்கும் சேரும். அதற்கு இதுவரை எத்தனையோ உதாரணம் சொல்லிவிட்டேன். எனக்கு ஏற்றபடி, அதாவது செல்போனில் நன்றாகத் தெரியும்படி கட்டினால் அது அவருக்கும் சேர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. சிறிய திரைக்கு இடம் மிச்சம் பிடிக்க வார்த்தையை எடுத்துவிட்டுப் படம் வைக்கிறார்கள். மூன்று கோட்டுக்குள் மெனுவை ஒளித்துவைக்கிறார்கள். வடிவமைப்பு குலையக் கூடாது என்று, இரண்டு விரலால் பெரிதாக்குவதையே சில தளங்களில் பூட்டிவைக்கிறார்கள். (ஐபோன் 2016 முதல் அந்தப் பூட்டை மதிப்பதில்லை. புண்ணியவான்கள்.) இதெல்லாம் செல்போனுக்காகச் செய்ததுதான். செல்போனுக்கு ஏற்றது என்ற பலகையை மாட்டிவிட்டு, அணுகல் வசதியும் முடிந்தது என்று கோப்பை மூடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூடுவதற்கு முன்னால் பார்வையற்ற ஒருவரைக் கூப்பிட்டு, காபி கொடுத்து உட்காரவைத்து, ஒரு முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். சும்மா அல்ல, அந்த வேலைக்குக் கூலி கொடுத்து. அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நாள் கிடைத்ததும் என் கோபம் போய்விட்டது. நண்பருக்கு நான் அடித்தது சொல்லிப் பீற்றிக்கொள்ளத்தான், உமக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க அல்ல. அவர் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டாவிட்டால், மருத்துவமனைக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருப்பேன். அதில் அவர் பெயரையும் சேர்த்துப் போட்டிருப்பேன்.

இரண்டாவது கடிதம் போன வாரம் போயிருக்கிறது. இந்த முறை என் ஐந்து இடங்களும் அதில் இல்லை. அவருடைய ஏழில் மிச்சமிருக்கிறவையும், புதிதாக முளைத்த பட்டன்களும்தான், எண்ணி முப்பத்தோரு பட்டன். எந்தப் படத்துக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் தன் போனில் பேசிப் பேசி எழுதினார். ஒரு மத்தியானம் பிடித்தது. ஒரு படம் மட்டும் என்னவென்று எனக்கும் விளங்கவில்லை. குடை மாதிரியும் இருக்கிறது, காளான் மாதிரியும் இருக்கிறது.

அவருக்குச் சர்க்கரை டாக்டரிடம் நாள் நான் என் போனில் வாங்கிக் கொடுத்தேன். "அடுத்த தடவை நானே வாங்கிக்கிடுதேன்" என்றார்.